பகல் மணி

சேதராப்பட்டு கம்பெனி பஸ் அஜந்தா சிக்னலில் இறக்கிவிடும்போது மத்தியானம் மூன்று தாண்டியிருக்கும். அதற்குள் சுமலதாவின் கால்கள் அவள் பேச்சைக் கேட்பதை நிறுத்தியிருக்கும். விடிகாலையிலிருந்து நின்றுகொண்டே பெல்ட்டில் ஓடிவரும் பாட்டில் மூடிகளைப் பொறுக்கிப் போடுகிற வேலை. கோணல் மூடி ஒரு பக்கம், நல்ல மூடி ஒரு பக்கம். உட்கார ஒரு ஸ்டூல் கேட்டதற்கு, உட்கார்ந்தால் தூக்கம் வரும் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. அவளுக்கு நின்றாலே வந்துகொண்டிருந்தது.

வீட்டுக்குப் போய்ப் படுக்கவேண்டிய அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு, சில மாதங்களாக அவள் மணி மார்க்கெட்டுக்கு நாடகம் நடிக்கப் போய்க்கொண்டிருந்தாள். கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். சிரிக்கத் தெம்பிருந்த நாட்களில் அவளுக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது.

மணி மார்க்கெட் பிரெஞ்சுக்காரன் காலத்தில் கட்டியது. வரிசையாக இரும்புக் கம்பங்கள், அவற்றின்மேல் உயரமான ஓட்டுக்கூரை, மேற்கு வாசலுக்குப் பக்கத்தில் ஒரு வெண்கல மணி. வைத்திக்குப்பத்துப் பெண்களும் வீராம்பட்டினத்துப் பெண்களும் தலைமுறை தலைமுறையாக அங்கேதான் மீன் விற்றார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு கம்பம். இன்ன கம்பத்தடியில் இன்னார் என்பது ஊருக்கே தெரியும். உச்சிவேளையில் மணி அடித்தால் அன்றைய வியாபாரம் முடிந்தது. அடித்த கையோடு குழாயைத் திறந்து தரையைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். கூடையைத் தூக்கத் தாமதித்தவளின் மீன் அந்தத் தண்ணீரோடு சாக்கடைக்குப் போய்விடும். அதனால் மணிச் சத்தம் காதில் விழுந்தால் போதும், பேரம் பாதியில் நின்றாலும் சரி, பெண்கள் புடவை நனையாமல் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையோடு எழுந்து மேற்கு வாசலுக்குப் போய்விடுவார்கள்.

பிறகு ஒருநாள், கூரை மோசமாகிவிட்டது, சரிபண்ணிவிட்டுத் திருப்பித் தருகிறோம் என்று சொல்லி மார்க்கெட்டைப் பூட்டினார்கள். சரிபண்ணியது என்னவோ உண்மை. சரிபண்ணி முடித்துப் பார்த்தால் கட்டடம் ரொம்ப அழகாக இருந்தது. இவ்வளவு அழகான கட்டடத்தில் மத்தி மீன் விற்பதாவது என்று யாருக்கோ தோன்றிவிட்டது. ‘லா க்ளோஷ்’ என்று பேர் வைத்தார்கள். பிரெஞ்சில் மணி என்று அர்த்தமாம். நாடகம், பாட்டுக் கச்சேரி, ஓவியக் கண்காட்சி எல்லாம் நடத்தினார்கள். மீன்காரப் பெண்கள் எதிர்த் தெருவில் சாக்கடை ஓரமாக, வெயிலில், ஆளுக்கொரு குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். திருப்பித் தருகிறோம் என்று சொன்னவர் எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார்.

அந்தக் குடைகளில் ஒன்றுக்குக் கீழே உட்கார்ந்திருந்தவள் சுமலதாவின் அம்மா செல்வாம்பாள். மார்க்கெட் பூட்டிய நாளிலிருந்து அவள் அந்தக் கட்டடத்துக்குள் காலெடுத்து வைத்ததில்லை. உள்ளே என்ன, வாசலைக்கூட அவள் பார்ப்பதில்லை. கட்டடத்துக்கு முதுகைக் காட்டித்தான் கூடையை வைப்பாள். மற்றப் பெண்கள் எழுந்துபோய் அரங்கத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து வருவார்கள், வாட்ச்மேனோடு வாயாடிவிட்டும் வருவார்கள். இவளுக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் தெருமுனை டீக்கடைதான்.

அப்படிப்பட்டவளின் மகள் அங்கேயே போய் நடிக்கிறாள் என்றால் வீட்டில் எப்படி இருக்கும்? சண்டை நடந்திருந்தால்கூடத் தேவலை. செல்வாம்பாள் ஒன்றுமே சொல்லவில்லை. சாயங்காலம் மகள் குடையைத் தாண்டி அரங்கத்துக்குள் போகும்போது மீன் அரிகிற அருவாமனையிலிருந்து தலையை நிமிர்த்தமாட்டாள். ராத்திரி வீடு திரும்பும்போது சோறு மூடி வைத்திருக்கும்.

சுமலதா தானாகப் போய்ச் சேர்ந்தவள் இல்லை. கூட வேலை பார்க்கும் பூவிழி, உள்ளூர்ப் பெண்கள் வேண்டுமென்று கேட்கிறார்கள், துணைக்கு வா என்று இழுத்துக்கொண்டு போனாள். நாடகம் போட வந்திருந்த கலைவாணன் அங்கே ஒவ்வொருவரையும் ஏதாவது பேசச் சொன்னார். பூவிழி பள்ளிக்கூடத்துப் பாட்டு ஒன்றைச் சொன்னாள். சுமலதாவுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கண் செருகிக்கொண்டு வந்தது. அந்த அசதியில், விலையைக் குறைத்துக் கேட்ட ஆளிடம் அம்மா பேசுவதுபோல இரண்டு வார்த்தை பேசினாள். அவ்வளவுதான். கலைவாணன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். நாடகத்தின் முக்கியமான பாத்திரம் அவளுக்கே வந்து சேர்ந்தது.

நாடகம் அந்த மார்க்கெட்டின் கடைசி நாளைப் பற்றியது. கலைவாணன் சாக்கடை ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பெண்களிடம் கதை கேட்டிருந்தார். “அடிச்சு வெரட்டுனாங்க” என்றார்கள். “போலீசு இழுத்துப் போட்டாங்க” என்றார்கள். செல்வாம்பாள் மட்டும், “மீனு வேணும்னா கேளு தம்பி” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். கேட்டதை வைத்து அவர் எழுதினார். கடைசிக் காட்சியில் பகல் மணி அடிக்கும். எல்லோரும் எழுந்து போய்விடுவார்கள். ஒருத்தி மட்டும் கம்பத்தில் சாய்ந்தபடி எழுந்திருக்க மறுத்து உட்கார்ந்திருப்பாள். தனியாக நிறையப் பேசுவாள். அந்த ஒருத்திதான் சுமலதா.

அவள் அந்தப் பேச்சை அம்மாவின் குரலிலேயே பேசினாள். வேறு குரல் அவளுக்குத் தெரியாது. வார்த்தையை இழுப்பது, நடுவில் நாக்கால் வெற்றிலையைத் தள்ளுவது, கோபம் வந்தால் குரலைத் தாழ்த்துவது எல்லாம் செல்வாம்பாள்தான். ஒத்திகை பார்க்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அதைக் கேட்கவேண்டியவள் மட்டும் தெருவுக்கு எதிர்ப்பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுமலதாவுக்குக் கைதட்டல் ஆசை இல்லை. சம்பளம் என்று கொடுத்தது பஸ்ஸுக்கும் டீக்கும் சரியாகப் போயிற்று. அம்மா ஒருதடவை உள்ளே வந்து உட்கார்ந்து, தன் குரலைத் தானே கடைசிவரை கேட்கவேண்டும். அதற்காகத்தான் அவள் தூங்காமல் போய்க்கொண்டிருந்தாள்.

முதல் நாள் நாடகம் ஒரு வெள்ளிக்கிழமை. மீன்காரப் பெண்கள் எல்லோருக்கும் முன்வரிசைகளில் இலவச இடம் என்று கலைவாணன் நேரிலேயே வந்து சொல்லிவிட்டுப் போனார். செல்வாம்பாள் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. சுமலதாவும் கெஞ்சவில்லை. கெஞ்சுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே. வியாழக்கிழமை ராத்திரி சாப்பிட்டுக் கை கழுவும்போது, “நாளைக்கு வர்றியாம்மா?” என்று ஒரே ஒருதடவை கேட்டாள்.

“பாக்கலாம்” என்றாள் செல்வாம்பாள்.

அவளை அசைத்தது ஜஹபர் நிஷாதான். மார்க்கெட் வாசலில் எலுமிச்சம்பழமும் மாங்காயும் கறிவேப்பிலையும் விற்றவள். இப்போது செல்வாம்பாளின் குடைக்குப் பக்கத்துக் குடை.

“நம்ம குந்துன எடம்தானே செல்வா, போயி குந்திட்டு வருவோம். ஃபேனு போட்டிருக்கானாம். ஒரு ரெண்டு மணி நேரம் காத்து வாங்குனாப்பல ஆச்சு” என்றாள்.

செல்வாம்பாள் வந்தாள். வீராம்பட்டினம் தேருக்குக் கட்டுகிற வழவழப்பான பச்சைப் புடவை, தலையில் கொஞ்சம் கனகாம்பரம், கையில் ஒயர் கூடை. எங்கே போனாலும் அந்தக் கூடை இல்லாமல் அவளுக்குக் கை ஓடாது. மேக்கப் அறையின் ஜன்னல் வழியாக அவள் வாசற்படி ஏறுவதைச் சுமலதா பார்த்தாள். படியில் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் உள்ளே வந்தாள்.

உள்ளே ஒரே குழப்பம். சீட்டில் எழுதியிருந்த நம்பரை அந்தப் பெண்கள் யாரும் பார்க்கவில்லை. அவரவர் கம்பத்தை அவரவர் கண்டுபிடித்து, அதன் அடியில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்கள். கம்பங்களை எடுக்காமல் அவற்றுக்கு இடையில்தான் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். “இது அவங்க சீட்டும்மா” என்று இடம் காட்டுகிறவன் சொன்னதற்கு, “இது என் கம்பம்” என்று பதில் வந்தது. பின்னால் வந்த பெரிய மனிதர்கள் சிலர் கிடைத்த இடத்தில் உட்கார்ந்தார்கள். செல்வாம்பாளின் கம்பம் இரண்டாவது வரிசையின் ஓரத்தில் இருந்தது. அவள் அதைக் கையால் தொடக்கூட இல்லை. முதுகு மட்டும் தானாகப் போய் அதில் சாய்ந்துகொண்டது.

நாடகம் நன்றாகப் போயிற்று. பெண்கள் சிரித்தார்கள். மேடையில் எடை போடுகிறவனைப் பார்த்து, “அவன் இன்னும் திருந்தலியா” என்று ஒருத்தி உரக்கச் சொல்ல, கூட்டமும் சேர்ந்து சிரித்தது. சுமலதா பேசும்போதெல்லாம் ஓரக்கண்ணால் அந்தக் கம்பத்தைப் பார்த்தாள். அம்மா இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்ச நேரம்தான், கடைசிக் காட்சி வந்துவிடும்.

ஒத்திகைகளில் மணிக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள். பழைய மணி எங்கோ ஒரு கிடங்கில் கிடந்ததைக் கலைவாணன் அலைந்து திரிந்து வாங்கி, அன்றைக்கு மத்தியானம்தான் பழைய இடத்திலேயே மாட்டவைத்திருந்தார். நாடகத்தில் இருந்தவர்கள் யாரும் அது அடித்துக் கேட்கவில்லை.

மேற்கு வாசல் பக்கமிருந்து மணி அடித்தது.

இரண்டாவது அடிக்குள் முன்வரிசைகள் எழுந்துவிட்டன. ஒருத்தி எழுந்து மற்றவள் அவளைப் பார்த்து எழுந்தாள் என்றில்லை. எல்லோரும் சேர்ந்தே எழுந்தார்கள். புடவைகள் முழங்காலுக்குத் தூக்கிச் செருகப்பட்டன. ஒயர் கூடைகள் இடுப்புக்கு ஏறின. கூடை கொண்டுவராதவளும் கையை வளைத்து இடுப்பில் எதையோ தாங்கிக்கொண்டாள். காலடியில் தண்ணீர் வருகிற மாதிரி குதிகாலைத் தூக்கித் தூக்கி வைத்து, ஒருத்தியோடு ஒருத்தி பேசாமல், மேற்கு வாசல் வழியாக வெளியே போய்விட்டார்கள். செல்வாம்பாளும் போனாள். அவளுடைய பச்சைப் புடவை வாசலில் மறைவதைச் சுமலதா மேடையிலிருந்து பார்த்தாள்.

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். தன்னைப்போல மகள் பேசிக் காட்டுகிறாள் என்று எழுந்துபோய்விட்டாள். ஆனால் கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தது. கோணல் மூடியோ நல்ல மூடியோ, பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்போது நிறுத்தமுடியாது. காலியான நாற்காலிகளைப் பார்த்து அவள் அந்தப் பேச்சு முழுவதையும் பேசி முடித்தாள். என்ன பேசினாள் என்று அவளுக்கே தெரியாது.

விளக்கு அணைந்ததும் எழுந்த கைதட்டல் ஓயவில்லை. பெண்கள் எழுந்துபோனதையும் நாடகத்தின் ஒரு பகுதி என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். பிரான்சிலிருந்து வந்திருந்த ஒரு வயதான அம்மாள் அழுதுகொண்டே வந்து கலைவாணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அதை மறுத்துச் சொல்லவில்லை. மறுக்கத்தான் வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

சுமலதா மேக்கப்பைக்கூடத் துடைக்காமல் மேற்கு வாசலுக்கு ஓடினாள். பெண்கள் எல்லோரும் வெளியே நடைபாதையில் நின்றார்கள். சிலர் புடவையை இன்னும் இறக்கவில்லை. ஜஹபர் நிஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

“மணி அடிச்சான், எழுந்துட்டோம்டி. எழுந்து வெளிய வந்தப்புறந்தான் நாடகம் பாக்க வந்தமேன்னு ஞாபகம் வருது. திரும்ப உள்ள வர வெக்கமாயிருக்கு” என்றாள்.

செல்வாம்பாள் சிரிக்கவில்லை. ஓரமாக நின்று செருகிய புடவையை இறக்கிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அதற்குள் கலைவாணன் வந்துவிட்டார். முகமெல்லாம் பல். “அம்மாங்களா, நான் பத்து வருஷம் யோசிச்சாலும் இந்த முடிவு எனக்கு வந்திருக்காது. நாளைக்கும் இதே மாதிரி எழுந்து போகணும். எல்லாருக்கும் பேட்டா உண்டு, டிபன் உண்டு” என்றார். பெண்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். எழுந்துபோவதற்குக் காசு கொடுக்கிறவனை அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. சரி என்றார்கள்.

அம்மாவும் மகளும் கடற்கரை வழியாக வைத்திக்குப்பத்துக்கு நடந்தார்கள். உலாவ வந்தவர்கள் இன்னும் கல்லில் உட்கார்ந்திருந்தார்கள். சுமலதாவுக்கு மனசு வலித்தது. சரியாக வலித்துத் தீரக்கூட முடியாத அளவுக்கு உடம்பு அசந்திருந்தது. அவ்வளவு தூரம் கொண்டுவந்து உட்காரவைத்தும், கேட்கவேண்டியதைக் கேட்காமல் போய்விட்டாளே.

“கடைசியில அவ இன்னா ஆனா?” என்று கேட்டாள் செல்வாம்பாள்.

“யாரு?”

“அதான், நீயி. அந்த மீன்காரி.”

“எல்லாரும் எழுந்து பூடுவாங்க. அவ மட்டும் எழுந்துக்க மாட்டேன்னு குந்திக்கினு இருப்பா.”

“மணி அடிச்சுமா?”

“மணி அடிச்சும்தான்.”

செல்வாம்பாள் கூடையைக் கை மாற்றிக்கொண்டாள்.

“அன்னிக்கு எங்கள யாரும் வெரட்டல” என்றாள்.

சுமலதா நின்றுவிட்டாள். அம்மா நிற்கவில்லை. அதனால் மகள் எட்டிப்போட்டு அவளைப் பிடிக்கவேண்டியிருந்தது.

“பூட்டப் போறாங்கன்னு எங்களுக்கு முன்னாடியே தெரியும். கூரையெல்லாம் சாக்கு, எழுந்து போனா திரும்ப உட மாட்டாங்கன்னு நாந்தான் ஒவ்வொரு கம்பமா போயி சொன்னேன். யாரும் எழுந்துக்காதீங்கடி, போலீசு வந்தாலும் குந்திக்கினே இருங்கன்னு சொன்னேன். எல்லாரும் சரின்னாளுங்க. சத்தியம் கூட பண்ணோம்.”

“அப்பறம்?”

“அப்பறம் இன்னா. போலீசு எங்க வந்துது? மணி அடிச்சான். எழுந்துட்டோம்.”

செல்வாம்பாள் கடல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“நாந்தான் மொதல்ல வெளிய வந்தேன். என் கம்பம்தானே வாசலுக்குக் கிட்ட. புடவைய எறக்கி விட்டுட்டுத் திரும்பிப் பாத்தா, பூட்டு போட்டுக்கினு இருக்கான். ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்க முடியல. அப்பறம் யாரு ஆரம்பிச்சாளோ, அடிச்சு வெரட்டுனாங்கன்னு. அதுவே எல்லாருக்கும் சவுகரியமா பூடுச்சு. இன்னிக்கு பாரு, அதே மணி. அதே மாரி எழுந்து வந்து நிக்கிறோம். அந்த எடத்து மேல எனக்கு இன்னாடி கோவம். என் காலு மேலதான் கோவம்.”

வீட்டுக்கு வந்து படுத்த பிறகு சுமலதாவுக்கு வழக்கம்போல உடனே தூக்கம் வந்துவிட்டது. அப்படி வந்ததற்காக மறுநாள் காலையில் தன்மேலேயே வெறுப்பாக இருந்தது.

சனிக்கிழமையும் கம்பெனி உண்டு. மூடிகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டே அவள் யோசித்துப் பார்த்தாள். அம்மா இன்றைக்கும் வருவாள். இன்றைக்கும் மணி அடிக்கும். காசு வேறு கொடுத்து எழுப்பிவிடுவார்கள். நாளை ஞாயிற்றுக்கிழமையோடு நாடகம் முடிந்து, கலைவாணன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விடுவார். அம்மா கடைசிவரை கடைசிக் காட்சியைப் பார்க்கப்போவதில்லை. எழுந்துபோனவளாகவே இருந்துவிடப்போகிறாள்.

சாயங்காலம் அரங்கத்துக்குப் போனதும் நேரே கலைவாணனிடம் போனாள்.

“சார், மணி வேணாம் சார். ஒத்திகையில அடிச்சமே, அந்த இரும்பையே அடிக்கலாம்.”

அவர் அன்பாகத்தான் பேசினார். “சுமலதா, அந்த மணிதான் இப்ப நாடகமே. நேத்து பாத்தீங்கல்ல?”

“எங்கம்மா முடிவப் பாக்கவே முடியாது சார்.”

“ஒண்ணு பண்ணுவோம். வீடியோ எடுக்கிறோம்ல, அம்மாவுக்கு ஒரு காப்பி குடுத்துடலாம்” என்றார். சுமலதா கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்து முகத்தைப் பவுடருக்குக் கொடுத்தாள்.

பெண்கள் டிபனை முடித்துவிட்டு உற்சாகமாக வந்து அவரவர் கம்பத்தடியில் உட்கார்ந்தார்கள். நேற்றைவிட இன்று நல்ல புடவையாகக் கட்டியிருந்தார்கள், வீடியோ எடுக்கிறார்களாமே. செல்வாம்பாள் மட்டும் சாக்கடை ஓரத்தில் கட்டுகிற பழைய முரட்டு நூல் புடவையோடு வந்திருந்தாள். தலையில் பூவில்லை. கையில் ஒயர் கூடையும் இல்லை. திரைக்குப் பின்னாலிருந்து பார்த்த சுமலதாவுக்குச் சுருக்கென்றது. மகள் நடிக்கிறதைப் பார்க்க வருகிற கோலமா இது? எப்படியும் எழுந்து போகத்தானே போகிறோம், இது போதும் என்று வந்திருக்கிறாள் என்று நினைத்தாள்.

அன்றைக்கு அவள் நன்றாக நடிக்கவில்லை. இரண்டு இடத்தில் வசனம் தடுக்கியது. பூவிழி எடுத்துக் கொடுத்துச் சமாளித்தாள். முன்பாதி முழுவதும் அவள் அந்தக் கம்பத்தின் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் மறுபடியும் எதிர்பார்க்கத் தோன்றும். எதிர்பார்க்கவும் அலுத்துவிட்டது.

கடைசிக் காட்சி வந்தது. மணி அடித்தது.

பெண்கள் எழுந்தார்கள். நேற்று பழக்கம் எழுப்பியது, இன்று பேட்டா எழுப்பியது. அதனாலோ என்னவோ கொஞ்சம் முன்பின்னாகத்தான் எழுந்தார்கள். ஜஹபர் நிஷா கேமரா இருக்கும் பக்கம் ஒருதடவை பார்த்துவிட்டுக் கூடையைத் தூக்கினாள். வரிசைகள் காலியாகி வாசல் பக்கம் நகர்ந்தன. அந்த இடைவெளியில் சுமலதாவின் கண் தன்னை மீறி இரண்டாவது வரிசையின் ஓரத்துக்குப் போனது.

செல்வாம்பாள் எழுந்துகொண்டிருந்தாள். கை புடவையைச் செருகியாகிவிட்டது. குதிகால் தூக்கியாகிவிட்டது. ஓரடி எடுத்து வைத்தவளை ஏதோ பின்னாலிருந்து வெடுக்கென்று இழுத்தது. தள்ளாடி நாற்காலியில் தொப்பென்று விழுந்தாள். மறுபடி எழுந்தாள். மறுபடி இழுத்தது.

அவளுடைய முந்தானை கம்பத்தில் கட்டியிருந்தது. படகைக் கரையில் கட்டுகிற முடிச்சு அது, இழுக்க இழுக்க இறுகும். தேர்ப் புடவையாக இருந்தால் வழுக்கிக்கொண்டு வந்துவிடும். அதற்குத்தான் நூல் புடவை.

பக்கவாட்டுத் திரையிலிருந்து கலைவாணன் கையை வீசிக்கொண்டிருந்தார், அந்த அம்மாளைப் போகச் சொல்லுங்கள் என்று. யாரும் அவரைப் பார்க்கவில்லை. காலியான நாற்காலிகளுக்கு நடுவில் ஒருத்தி மட்டும் கம்பத்தில் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கால்கள் இன்னும் ஆடிக்கொண்டிருந்தன.

மேடையில் சுமலதாவும் ஒரு கம்பத்தில்தான் சாய்ந்திருந்தாள். பேசவேண்டும்.

“எல்லாரும் போங்க” என்றாள். “நான் எழுந்துக்க மாட்டேன்.”

அதற்குமேல் வரவில்லை. அழுகை வந்துவிட்டது. நடிப்பதற்கு வந்த அழுகை இல்லை அது. வாசல்வரை போயிருந்த பெண்கள் மேடையில் பேச்சு நின்றதும் திரும்பிப் பார்த்தார்கள். ஜஹபர் நிஷாவின் இடுப்பிலிருந்து கூடை மெதுவாகக் கீழே இறங்கியது.

செல்வாம்பாள் கம்பத்தடியிலிருந்து பேசினாள். உரக்கக்கூட இல்லை. பக்கத்துக் கூடைக்காரியிடம் சொல்கிற குரலில் சொன்னாள்.

“குந்து. நனைஞ்சா காஞ்சிடும்.”

சுமலதா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். விட்ட இடத்திலிருந்து அந்தப் பேச்சைக் கடைசிவரை பேசினாள். இன்றைக்குச் சுலபமாக வந்தது. ஏனென்றால் ஒரே ஒருத்தியிடம்தான் பேசினாள். வெற்றிலையைத் தள்ளுகிற இடத்தில் தள்ளினாள், குரலைத் தாழ்த்துகிற இடத்தில் தாழ்த்தினாள். அம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தாள். வாசலில் நின்ற பெண்களும் கேட்டார்கள். அவர்களில் ஒருத்தியும் வெளியே போகவில்லை.

விளக்கு போட்ட பிறகு கைதட்டல் நேற்றைவிடக் குறைவுதான். பார்த்தவர்களுக்கு எது நாடகம், எது இல்லை என்று கொஞ்சம் குழம்பிவிட்டது. கலைவாணன் யாரோடும் பேசாமல் மணியைத் துணி போட்டு மூடிக்கொண்டிருந்தார். கூட்டம் கலைந்தது. நாற்காலிகளை மடக்க ஆட்கள் வந்தார்கள்.

செல்வாம்பாள் இன்னும் அதே இடத்தில் இருந்தாள். இரண்டு தடவை இழுத்ததில் முடிச்சு கல்லாக இறுகிவிட்டிருந்தது. சுமலதா தரையில் உட்கார்ந்து நகத்தால் நோண்டிப் பார்த்தாள். நாளெல்லாம் மூடி பொறுக்கிய விரல்கள், முனையெல்லாம் எரிந்தது. நாற்காலி மடக்குகிறவன் வந்து, “கத்திரி கொண்டாரட்டுமாக்கா, பூட்டணும்” என்றான்.

“வேணாம்ப்பா. நீ மத்ததப் பாரு” என்றாள் செல்வாம்பாள். கம்பத்தில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

“நீ மெதுவா அவுருடி. எனக்கு ஒண்ணும் அவசரமில்ல.”